கணக்கெடுப்பு நாட்குறிப்பு: வேதாரண்யம் முதல் ஓ.எம்.ஆர். வரை

திங்கள், வேதாரண்யம்

இரவு பஸ் வேதாரண்யம் வந்து சேர்ந்தபோது மணி ஆறு. லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு, டீ குடித்த கையோடு அகஸ்தியம்பள்ளிக்கு ஆட்டோ பிடித்தேன். 1930ல் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய இடம் இது. நினைவுத் தூண் இருக்கிறது. அதைத் தாண்டினால் பாத்தி பாத்தியாக உப்பளம்தான். மார்ச் மாதம் என்பதால் வேலை மும்முரம்.

நான் வந்திருப்பது பேக்-செக்குக்கு. வீடு வீடாக ஒரு உடல்நலக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிரஷர், சுகர், எடை, புகையிலை, குடி, சாப்பாடு எல்லாம் உண்டு. குழு ஒரு ஊரை முடித்ததும், அவர்கள் பார்த்த வீடுகளில் சிலவற்றின் கதவை நான் மறுபடி தட்டுவேன். சும்மா மாறிவிடாத விஷயங்களை மட்டும் கேட்டு, அவர்கள் பதிந்ததோடு ஒப்பிடுவேன். அந்தக் குழு வந்ததா, சரியான ஆளிடம்தான் பேசியதா, எவ்வளவு நேரம் உட்கார்ந்தது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

முதல் வீட்டிலேயே சிக்கல். குழு பதிலைப் பதியும் டேப்லெட்டில், அதாவது டேபில், 'மூன்று முறை சென்றும் ஆள் இல்லை' என்று முடித்திருந்தார்கள். எந்த வீடு என்பது தலைமை அலுவலகத்தில் குலுக்கலில் வருகிறது. வீட்டில் 18 முதல் 69 வயதுக்குள் இருப்பவர்களில் யாரைக் கேட்பது என்பதை டேபே தீர்மானிக்கும். முன்பெல்லாம் அதற்குக் காகிதத்தில் ஒரு கட்டம் இருந்தது, 1949ல் புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் போட்டுக் கொடுத்தது. இந்த வீட்டில் விழுந்தது மகனுக்கு. அவர் உப்பளத்துக்கு விடிவதற்கு முன்பே போகிறவர். குழு வந்த நேரங்களைப் பார்த்தேன்: காலை பத்தரை, பதினொன்று, பதினொன்றேகால். மூன்றும் ஒரே நாள். விதிப்படி மூன்று முறை போயாகிவிட்டது!

திண்ணையில் அவருடைய அப்பா உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, நான் சும்மாதானே இருக்கேன், என்னையக் கேளு. எனக்குச் சுகரும் இருக்கு, பிரஷரும் இருக்கு" என்றார்.

ஆசையாகத்தான் இருக்கும். குழுவில் சேரும் புதுப் பையன்களுக்கு இது ஏன் கூடாது என்பதைப் புரியவைக்கவே பயிற்சியில் ஒரு மணி நேரம் போகும். பகலில் வீட்டில் கிடைப்பவர்கள் வயதானவர்கள், உடம்புக்கு முடியாதவர்கள், வேலை இல்லாதவர்கள். அவர்களை வைத்தே ஊர் ஊராக நிரப்பினால் அந்த மாவட்டம் முழுக்க நோயாளிகளாகத் தெரியும். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டை எடுப்பதும் இதே கதைதான். அதனால்தான் மாற்று வீடு கிடையாது, மாற்று ஆள் கிடையாது. கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றே பதிய வேண்டும். அந்த வெற்றிடமும் ஒரு தகவல்.

மதியம் அவர் வந்தார். பாதமெல்லாம் வெடித்து, முழங்கால் வரை வெள்ளை படிந்திருந்தது. சைக்கிளை நிறுத்தியதும் கையை நீட்டிவிட்டார், "சீக்கிரம் பாருங்க". அப்படிப் பார்த்தால் வருவது பிரஷர் இல்லை, சைக்கிள் மிதித்த களைப்பு. வீட்டில் நாற்காலி இல்லை. தரையில் சம்மணம் போட்டு, கையைக் கீழே தொங்கவிட்டு எடுத்தாலும் அளவு ஏறித்தான் காட்டும். பட்டை கட்டிய கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். எதிர் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து, முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் பதித்து, கை மேசை மட்டத்துக்கு வர ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைத்தோம். பேசாமல் உட்காரச் சொன்னோம். நடுவில் சில நிமிடம் விட்டு மூன்று முறை. முதலாவது 152, அடுத்தது 138, கடைசி 136. கணக்குக்குப் போவது பின்னிரண்டின் சராசரி. முதல் அளவோடு எழுந்து போயிருந்தால் இவருக்கு ரத்தக் கொதிப்பு என்று எழுதியிருப்போம்.

"சாப்பாட்டில் உப்பு கூடுதலாகச் சேர்ப்பீர்களா?" என்ற கேள்வி வந்ததும் வீடே சிரித்தது. இந்த ஊரில் அதை நேராக முகத்தைப் பார்த்துக் கேட்பதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

செவ்வாய், புஷ்பவனம்

கடற்கரை ஊர். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது கடல் சேற்றைக் கொண்டுவந்து கொட்டிய ஊர்களில் இதுவும் ஒன்று. இங்கே வயது கேட்பதே தனி வேலை. கேட்டதும் "முப்பத்தஞ்சு இருக்கும்", "நாப்பதுன்னு போட்டுக்க" என்று வரும். அப்படியே பதிந்துகொண்டு போனால் ஊரில் எல்லோரும் 35, 40, 45, 50 என்று நிற்பார்கள், 37ம் 43ம் காணாமல் போகும். ஆதாரைப் பாருங்கள் என்பார்கள் சிலர். பாதிப் பேருக்கு ஆதாரில் பிறந்த நாள் ஜனவரி 1. அதுவும் யாரோ கேட்டு, யாரோ சொன்ன வயதுதான். தவிர, ஆதாரை எடுங்கள் என்று சொன்ன நிமிடமே முகம் மாறிவிடும்.

இங்கே கைகொடுப்பது சுனாமியும் கஜாவும். சுனாமி அன்று நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டால் எல்லோருக்கும் பதில் இருக்கிறது. ஒரு அம்மாவிடம் நான் கேட்டேன். "பெரியவ அப்ப வயித்துல ஏழு மாசம், வளைகாப்பு நடந்து ஒரு வாரம்" என்றார். கல்யாணம் ஆனது அதற்கு முந்திய வருஷம் தை. வயதுக்கு வந்து நாலு வருஷம் கழித்துக் கல்யாணம். இப்படிப் பின்னாலேயே போனதில், குழு 45 என்று எழுதியிருந்த பெண்ணுக்கு வயது 39 என்று வந்தது. இதற்குப் பிடித்தது ஐந்தாறு நிமிடம். ஆனால் நிகழ்வுப் பட்டியல் ஊருக்கு ஊர் வேறாக இருக்க வேண்டும். சென்னையிலிருந்து அச்சடித்து அனுப்பிய பட்டியலில் பணமதிப்பிழப்பு முதலிடத்தில் இருக்கிறது. இந்த அம்மாவுக்கு அது ஞாபகமே இல்லை. எந்தக் கோயில் கும்பாபிஷேகம் எப்போது, எந்தப் படகு போய்த் திரும்பாதது எந்த வருஷம் என்பது குழு ஊருக்குள் நுழைந்த அன்றே டீக்கடையில் கேட்டு எழுத வேண்டியது.

இன்னொரு விஷயம் ஆண்கள் பற்றியது. இங்கே கடலுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், போகாமல் வலை பின்னுகிறவர்கள் இருக்கிறார்கள். கிடைப்பது இரண்டாவது வகை. நாடு முழுக்க இதே நிலைதான். 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் பதில் கிடைத்தது வீடுகளில் 98 சதவீதம், பெண்களில் 97, ஆண்களில் 92. உலகத்தில் பல நாடுகள் பார்த்துப் பொறாமைப்படும் எண்கள் இவை. ஆனால் அந்த விடுபட்ட எட்டுப் பேரும் யாரோ எட்டுப் பேர் இல்லை. லாரியில், கடலில், வெளியூர் வேலையில் இருக்கிறவர்கள். குடி, புகை பற்றி நாம் அதிகம் தெரிந்துகொள்ள விரும்புவதும் அவர்களைப் பற்றித்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வந்தால் விசைப்படகுக்காரர்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று குழுத் தலைவர் யோசனை சொன்னார். சரிதான். ஆனால் வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதத்தில் சாப்பாடு வேறு, குடி வேறு, மனசு வேறு. ஆள் கிடைப்பார், வழக்கமான நாள் கிடைக்காது. நான் சொன்னது: வயது, எடை, பிரஷருக்கு அது சரி, 'கடந்த ஏழு நாளில்' என்று தொடங்கும் கேள்விகளுக்குச் சரிவராது. வாதம் முடியவில்லை.

கிராமச் சுகாதாரச் செவிலியரைக் கூடவே அழைத்துப் போவது பற்றியும் பேச்சு வந்தது. அவர் வந்தால் திறக்காத கதவே இல்லை, உண்மை. ஆனால் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை வரும் வழியைச் சேர்ந்தவர் பக்கத்தில் நிற்கும்போது "தினமும் தவறாமல் போடுறேன்" என்றுதானே சொல்வார்கள்? ஊருக்குள் அறிமுகப்படுத்திவிட்டு அவர் கிளம்பிவிட வேண்டும். அப்புறம், போடுகிறீர்களா என்று கேட்பதைவிட அட்டையை எடுத்துக் காட்டச் சொல்வது மேல். வாங்கிய தேதி, மீதி மாத்திரை இரண்டையும் எண்ணினால் போதும்.

புதன், பஸ்ஸில்

வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர், திருச்சி வழியாகத் திண்டுக்கல். நாள் முழுக்க பஸ். மன்னார்குடி தாண்டும் வரை ஜன்னல் சீட், அதற்கு மேல் வெயில் இந்தப் பக்கம் வந்துவிட்டது. மடியில் லேப்டாப்.

குழுக்கள் அனுப்பிய தரவை இப்படி வரிசையாக வைத்துப் பார்க்கும்போது மனிதர்கள் நன்றாகத் தெரிவார்கள். ஒருவர் எடுத்த எடைகளில் புள்ளிக்குப் பிறகு 0ம் 5ம் மட்டுமே வருகின்றன. எடை இயந்திரம் 100 கிராம் வித்தியாசத்தையும் காட்டுகிறது. நூற்றுக்கணக்கான பேரை எடை போட்டால் பத்து இலக்கங்களும் ஏறக்குறையப் பத்துப் பத்து சதவீதம் வர வேண்டும். வரவில்லை என்றால் அவர் முழுமையாக்கி எழுதுகிறார், அல்லது எடையே போடவில்லை. இன்னொருவரின் பேட்டிகள், சாதாரணமாக முக்கால் மணி நேரம் ஆகிற கேள்வித்தாளை, வாரக் கடைசியில் பாதி நேரத்தில் முடித்திருக்கின்றன. எப்படி என்று பார்த்தால், வடிகட்டும் கேள்விகளுக்கெல்லாம் 'இல்லை'. ஆம் என்றால் பின்னால் பத்துக் கேள்வி திறக்கும் இடம் எது என்பது எந்தக் கள ஆளுக்கும் இரண்டாவது வாரத்தில் மனப்பாடம். பெண்களுக்கு 15 முதல் 49 வயது வரை நீண்ட பேட்டி என்று வைத்தால் 49 வயதுக்காரர்கள் குறைந்து 50, 51 பெருகும். ஐந்து வயதுக்குள் குழந்தை என்றால் கேள்வி அதிகம் என்று வைத்தால் நாலு வயதுக் குழந்தைகள் அவசரமாக வளர்ந்துவிடும். பல நாடுகளின் ஆய்வுகளில் இந்த மேடும் பள்ளமும் பதிவாகியிருக்கின்றன.

இந்தப் பிரச்சினை நம் நாட்டுக்குப் புதிதல்ல, மருந்தும் புதிதல்ல. புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1930களில் வங்காளத்துச் சணல் பயிரைக் கணக்கெடுத்தபோதே, ஒரே பகுதிக்குள் ஒன்றோடொன்று கலந்த இரண்டு மாதிரிகளை இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்தார். இரண்டு விடைக்கும் நடுவே உள்ள தூரம்தான் களத்தில் நடந்த பிழையின் அளவு. 1950ல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வுக்கும் அவர் கொண்டுபோன யோசனை அது. இன்று டேப் நேரத்தைப் பதிகிறது, ஜிபிஎஸ் இடத்தைப் பதிகிறது. ஆனாலும் ஒரு ஊரை இரண்டு குழுக்களுக்குப் பங்கு போடும் அந்தப் பழைய வழியை யாரும் செய்யக் காணோம். செலவு என்கிறார்கள். பிழையான தரவின் செலவை யார் கணக்கில் எழுதுவது?

வியாழன், வேடசந்தூர்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் ரோட்டில் இருக்கிறது. நூற்பாலைகள் நிறைந்த பகுதி. காலையில் ஒரு கிராமத்தில் மாமியார் மருமகள் வீடு.

கேள்வித்தாளில் தூக்கம், மனச்சோர்வு, வீட்டில் அடி உதை பற்றி ஒரு பகுதி உண்டு. அதை யாருமில்லாத இடத்தில்தான் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்கவே கூடாது என்பது விதி. மாமியார் நகர்வதாக இல்லை. "எங்க வீட்ல ஒளிவு மறைவு ஒண்ணுமில்ல, கேளுங்க." போங்கள் என்று சொன்னால் மருமகளுக்குத்தான் சாயங்காலம் வினை. இங்கே குழுவில் இருக்கும் ஒரு அக்கா செய்த காரியம் எனக்குப் பிடித்தது. அவர் முற்றத்தில் செருப்பை விட்டுவிட்டு நேராக மாமியாரிடம் போனார். "அம்மா, வீட்டு விவரமெல்லாம் பெரியவங்கதான் சொல்லணும், வாசல்ல காத்தா இருக்கு, வாங்க" என்று வெளியே கூட்டிப்போய், குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, அடுப்பு என்ன, கூரை என்ன, ஆடு எத்தனை என்று ஆரம்பித்தார். அப்புறம் பிரஷர், நிதானமாக. நடுவே "மகளிர் உரிமைத் தொகை எனக்கு வரல, அதையும் எழுதிக்கங்க" என்று மாமியார் சொல்ல, இதற்கும் அந்த ஆயிரம் ரூபாய்க்கும் சம்பந்தமில்லை, நீங்கள் என்ன சொன்னாலும் எதுவும் கூடாது, குறையாது என்று பொறுமையாக விளக்கினார். உள்ளே பேட்டி முடிந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த மாமியாரின் வாய் வெற்றிலையில் சிவந்திருந்தது. புகையிலைக் கேள்விக்குக் குழு முன்பு பதிந்திருந்த பதில் 'இல்லை'. கேள்வியைப் படித்துக் காட்டினால் பெண்கள் அதைப் பீடி, சிகரெட் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். வாயில் போடும் புகையிலை வகை ஒவ்வொன்றின் பொட்டலப் படத்தையும் அட்டையில் ஒட்டி வைத்துக்கொண்டால் விரலை வைத்துக் காட்டிவிடுவார்கள். அட்டைக்கு ஆகும் செலவு நாற்பது ஐம்பது ரூபாய்.

மதியம் ஒரு ஆலையைத் தாண்டி வந்தோம். மதிலுக்குள் பெண்கள் விடுதி. வெளியூரிலிருந்து வந்து தங்கி வேலை செய்யும் இளம்பெண்கள். இதுபோன்ற வீட்டுவாரி ஆய்வில் விடுதி 'வீடு' இல்லை, பட்டியலிலேயே வராது. சொந்த ஊரிலும் அவர்கள் வழக்கமாக வசிப்பவர்கள் இல்லை. நூல் தூசிக்கு நடுவே ஷிப்ட் வேலை பார்க்கும் ஒரு தலைமுறையின் மூச்சுத் திணறலும் ரத்தசோகையும் இரண்டு பக்கமும் எழுதப்படாமல் போகிறது. இதற்குப் பேக்-செக் செய்து பயனில்லை, குலுக்கலுக்கான மூலப் பட்டியலை, அதாவது மாதிரிச் சட்டகத்தை, போடும் இடத்தில் பேச வேண்டிய விஷயம். ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன்.

வெள்ளி, திருப்பூர்

ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழி. பனியன் கம்பெனிகளுக்குப் பின்னால் லைன் வீடுகள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம்.

ஒரு அறையில் எட்டுப் பையன்கள். இது ஒரு குடும்பமா, எட்டா? ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம் என்பது கணக்கெடுப்பின் அடிப்படை விதி. குழு 'ஒன்று' என்று எழுதியிருந்தது. அறைக்குள் பார்த்தால் இரண்டு ஸ்டவ். ஒரு ஓரம் ஐந்து பேர், இன்னொரு ஓரம் மூன்று பேர், கணக்கு நோட்டும் தனித்தனி. ஆக இரண்டு குடும்பம். இரண்டிலிருந்தும் ஆள் எடுக்கப்பட வாய்ப்பு வேண்டும். அடுத்தது, ஆறு மாதமாக இங்கே தங்குகிறவரா என்ற கேள்வி. எல்லோரும் "அடுத்த மாசம் ஊருக்கு" என்கிறார்கள். ஒருவர் இங்கே மூன்று தீபாவளி பார்த்தவர். போகப்போகிறாரா என்று கேட்காமல், எப்போது வந்தீர்கள் என்று கேட்டால் தீர்ந்தது.

பேட்டி எடுக்கும் தம்பிக்கு இந்தி கொஞ்சம் தெரியும், ஒடியா தெரியாது. அறையில் இருந்த சூப்பர்வைசர் மொழிபெயர்க்கிறார். மேலதிகாரி வழியாகக் "குடிப்பாயா?" என்று கேட்டால் வரும் பதிலுக்கு என்ன மதிப்பு? ஒடியா தெரிந்த ஒரு பையனைத் தையல் பிரிவிலிருந்து பிடித்து, ஒரு வாரம் பயிற்சி கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரச் சொல்லலாம். அவர்களுக்கு ஓய்வு ஞாயிறு, எங்கள் குழுவுக்கும் ஓய்வு ஞாயிறு. முரண்பாடு எங்கே என்று சொல்லத் தேவையில்லை.

இரவு சாப்பிடும்போது குழுவோடு சம்பளம் பற்றிப் பேசினேன். களவேலையை எடுத்திருக்கும் நிறுவனம் முடித்த படிவத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது. பூட்டிய வீட்டுக்கு மூன்றாவது முறை இரவு எட்டு மணிக்குப் போய் வந்தவருக்கு அன்றைய கூலி பூஜ்யம். திண்ணையில் கிடைத்த பெரியவரை மகன் என்று எழுதியவருக்கு முழுக் கூலி. திங்கட்கிழமை நான் பார்த்த உப்பளத்து வீட்டில் பதினொன்றேகாலுக்கு நடந்த மூன்றாவது தட்டலை எழுதியது அந்தப் பையன் இல்லை, இந்தக் கூலி முறை. நாள் கூலியும், மாலை நேர வருகைக்குத் தனிப்படியும் இருந்தால் பாதிக் கள்ளத்தனம் தானாக நின்றுவிடும் என்பது என் கட்சி.

ஞாயிறு, சென்னை ஓ.எம்.ஆர்.

சனி ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ், காலையில் சென்ட்ரல், வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நேராக இங்கே.

கிராமத்தில் கலெக்டர் அலுவலகக் கடிதத்தைக் காட்டினால் வீட்டுமனை கிடைக்குமா என்று கேட்பார்கள். இங்கே அதே கடிதத்தைப் பார்த்து, இது போலியாக இருக்குமோ என்கிறார்கள். குற்றம் சொல்ல முடியாது. போனிலேயே 'டிஜிட்டல் கைது' செய்கிற காலம். கேட்டில் வருபவர்களைப் பதியும் மைகேட் செயலி, அப்புறம் வாட்ச்மேன், அப்புறம் சங்கச் செயலாளர். பேட்டிக்கு இறுதி நிலை பதியும் இடத்தில் இந்த மூன்றும் 'மறுத்தார்' என்று விழுந்திருந்தன. அந்த வீட்டுக்காரருக்கு நாங்கள் வந்ததே தெரியாது! வாசல் வரை போய் மறுக்கப்பட்டதும், கேட்டிலேயே நிறுத்தப்பட்டதும் தனித்தனிக் குறியீடாக இருக்க வேண்டும். முதலாவதுக்குப் பேட்டி எடுப்பவருக்குப் பயிற்சி வேண்டும், இரண்டாவதுக்குச் செயலாளருக்கு ஒரு வாரம் முன்னால் கடிதமும், திரும்பக் கூப்பிட்டுச் சரிபார்க்க ஒரு லேண்ட்லைன் எண்ணும் வேண்டும்.

செயலாளர் நல்ல மனிதர். கிளப் ஹவுஸில் இரண்டு மணி நேரம் முகாம் போடுங்கள், நூறு பேரை வரவழைக்கிறேன் என்றார். ஆர்வமாக வரும் நூறு பேரில் பாதி, காலையில் நடைப்பயிற்சி போகிறவர்கள். நன்றி சொல்லி, குலுக்கலில் விழுந்த பிளாட் எண்களை மட்டும் நீட்டினேன். கொஞ்சம் ஏமாற்றம் அவருக்கு. ஆனாலும் அந்த எண்களின் இன்டர்காமில் அவரே பேசினார்.

ஏழாவது மாடியில் விழுந்தது ஒரு ஐடி பெண்ணுக்கு. இன்டர்காமில் அவர் மறுக்கவில்லை. "பகல் முழுக்க கால்ஸ். ஒன்பதரைக்கு மேல வாங்க, குழந்தை தூங்கிடும்" என்றார். இப்படி ஒன்பதரைக்கு மேல் வரச் சொன்ன வீடுகள் அந்த வளாகத்திலேயே இன்னும் சில. குழுவில் இருக்கும் இரண்டு பெண்களும் வரத் தயார். பேட்டி முடிய பத்தேகால், அதற்குமேல் ஒருவர் தாம்பரம் போக வேண்டும், இன்னொருவர் கேளம்பாக்கம். ராத்திரியில் ஆட்டோதான். பட்ஜெட்டில் பயணப்படி பஸ் டிக்கெட்டுக்கு மட்டும் இருக்கிறது.

இன்றைக்கு என் கையிலிருந்து கொடுத்து அனுப்பினேன். நாளை முதல் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கணக்குப் பிரிவுக்கு மெயில் போட்டிருக்கிறேன். புதன்கிழமைக்குள் சொல்கிறார்களாம். ஏழாவது மாடி வீட்டில் பேட்டி முழுதாக முடிந்தது, மூன்று முறை பிரஷர் உட்பட.